ரீகர் அம்மாவின் முறை

படிகள் ஈரமாக இருந்தன. அதில் ஒரு தப்பும் இல்லை. சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, தெற்கு ஜெர்மனியின் ஹோல்டர்பாக்கில் எந்த வீட்டுப் படிதான் காய்ந்து கிடக்கும்? உல்ரிகே ப்ராய்னிங் கையில் காய்கறிப் பையோடு தெருக்கதவைச் சாத்திவிட்டு, ஈரத்தில் மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து ஏற ஆரம்பித்தாள். வெளியே நவம்பர் இருட்டு அப்போதே இறங்கியிருந்தது. படிக்கட்டு விளக்கு மஞ்சளாக எரிந்தது. பைன் மரமும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த அந்தப் பழைய டப்பா சோப்பின் வாசனை மூக்கில் ஏறியதும், ரீகர் அம்மாவின் வாரம் என்பது கதவில் தொங்கும் முறைப் பலகையைப் பார்க்காமலே நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தில் மற்ற குடித்தனக்காரர்கள் எல்லாரும் எலுமிச்சை வாசனை திரவத்துக்கு மாறிப் பல வருடம் ஆகிறது.

முதல் மாடிக்கு வந்து, தன் கதவில் சாவியை நுழைக்கப் போகும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. படியில் கால்தடம் இல்லை.

படி துடைக்கிறவர் மேலிருந்து பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டு துடைப்பார். கீழே தெருக்கதவில் முடித்தபின் திரும்பத் தன் வீட்டுக்கு ஏறியாக வேண்டும். எவ்வளவு பதவிசாக ஏறினாலும் செருப்பின் நுனியாவது ஈரத்தில் பதியும். உல்ரிகே இருபது வருடமாக அந்தத் தடங்களைப் பார்த்து வந்தவள், பதித்தும் வந்தவள். இன்று கீழிருந்து எதிர்வீட்டு ரீகர் அம்மாவின் வாசல்வரை ஈரம் ஒரே பளபளப்பாக, யாரும் தொடாமல் கிடந்தது. அந்தக் கதவுக்குள் யாரும் திரும்பிப் போகவே இல்லை என்பதுபோல.

'எண்பத்து நாலு வயசு. காத்து மாதிரி நடக்கிறாங்கபோல' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிம்மதியாகவும் இருந்தது. ரீகர் அம்மாவைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள் என்று யோசிக்கத் தொடங்கினால் சங்கடமாகும். படி ஈரமாக இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஆறு குடித்தனம். வாரத்துக்கு ஒருவர் படிக்கட்டையும் நடைபாதையையும் சுத்தம் செய்ய வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவுப் பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அதை அடுத்த வீட்டாரிடம் மணியடித்துக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது வழக்கம். உல்ரிகேவுக்கு அடுத்த முறை ரீகர் அம்மாவுடையது. மணியடித்தால் அவர் காப்பி போடுவார். காப்பி போட்டால் முட்டிவலி, செத்துப்போன பூனை, செத்துப்போன கணவர் என்று ஒரு மணிநேரம் போய்விடும். அதனால் இரண்டு மூன்று வருடமாகவே உல்ரிகே வெறும் காலுறையோடு வெளியே வந்து, சத்தம் வராமல் பலகையை எதிர்க்கதவில் மாட்டிவிட்டு, சத்தம் வராமல் திரும்பிவிடுவாள்.

பலகையை யார் மறந்தாலும் தரைத்தளத்து ஐசெலே மறக்க மாட்டார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், காது மந்தம், கண் கூர்மை. போன வருடம் உல்ரிகே காய்ச்சலில் படுத்திருந்தபோது, சனிக்கிழமை ஆறு மணிக்குப் படி காய்ந்திருந்தது என்று ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து கதவைத் தட்டினார். காய்ச்சல் என்றதும் வைதுகொண்டே தானே துடைத்துவிட்டு, மறுநாள் ஒரு சட்டி சூப்பும் கொண்டுவந்து வைத்தார்.

*

உல்ரிகே நகராட்சியில் செய்திப் பிரிவில் வேலை பார்த்தாள். வயது ஐம்பத்து நாலு, விவாகரத்து ஆகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. அந்த மாதம் அவள் தலையில் விழுந்திருந்தது ஊரைப் பற்றிய கையேடு. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் கடை போட வருகிறவர்களுக்கும் ஊரை அறிமுகப்படுத்த எட்டுப் பக்கம். முப்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஸ்டுட்கார்ட்டுக்கு ரயிலில் இருபத்திரண்டு நிமிடம். திராட்சைச் சரிவு, ஆற்றங்கரை, பழைய மரச்சட்ட வீடுகள், கார் உதிரிபாக ஆலை இரண்டு. இதையெல்லாம் தூக்கத்தில் கூட எழுதிவிடுவாள். முதல் வரிதான் வரவில்லை. மூன்று நாள் முட்டிமோதி எழுதினாள்: 'பெருநகரம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் தனியாக இல்லை.'

அவள் மேலதிகாரி கெக்கலர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இதான் உல்ரிகே. இதான். இதுக்கு ஒரு படம் போடணும். கோட்டை, கோபுரம் எல்லாம் வேண்டாம், சலிச்சுப்போச்சு. மனுஷ முகம் வேணும்."

"எங்க எதிர்வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. எண்பத்து நாலு வயசு. இன்னமும் தன் முறைக்குத் தானே படி துடைக்கிறாங்க."

"பலகையோட நிக்க வெச்சு எடுப்போம்! புதன்கிழமை போட்டோக்காரனை அனுப்புறேன். அந்த அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, தலை சீவிக்கணும்பாங்க."

சொல்லி வைக்கத்தான் செவ்வாய் மாலை உல்ரிகே எதிர்வீட்டு மணியை அடித்தாள். உள்ளே மணி ஒலித்தது தெளிவாகக் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி அடித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு குனிந்து, கதவில் கடிதம் போடும் பித்தளை மூடியைத் தூக்கினாள். அந்த இடுக்கு வழியாக வந்த காற்றை முகர்ந்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

போலீசார் பூட்டைத் திறந்தபோது ஏழு மணி. உல்ரிகே தன் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போன பெண் காவலர் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சன்னல் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்:

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பாத்தது..." உல்ரிகே நாளை எண்ணிப் பார்த்தாள். "சனிக்கிழமைதான் படி துடைச்சாங்க."

"போன சனிக்கிழமையா?"

"ஆமா. மூணு நாள் முன்னாடி."

காவலர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "சமையல்கட்டுல தினம் கிழிக்கிற காலண்டர் இருக்கும்மா. ஆகஸ்ட் நாலுல நிக்குது. மருத்துவரும் அதைத்தான் சொல்றார். இவங்க வெயில்காலத்துலயே போய்ட்டாங்க."

ஆகஸ்ட் கடைசியில் ரீகர் அம்மாவின் முறை வந்தது. அக்டோபரில் வந்தது. இப்போது நவம்பரில். மூன்று தடவையும் பலகையை மாட்டியவள் அவள்தான். மூன்று தடவையும் படி துடைக்கப்பட்டது. மூன்று தடவையும் பலகை அந்தக் கதவிலிருந்து மேல்மாடிக்கு, அங்கே குடியிருக்கும் செவ்தாவின் கதவுக்குப் போயிருந்தது.

காவலர் திறந்து வைத்திருந்த கதவு வழியாக, வேண்டாம் என்று நினைத்தும், உல்ரிகே பார்த்துவிட்டாள். நடைக்கூடத்து மூலையில் தகர வாளி. அதன்மேல் குறுக்காக மாப். துணி காய்ந்து, மடிப்பு மடிப்பாக வெடித்து, பலகைபோல் விறைத்திருந்தது. வாளிக்குள் நூலாம்படை. அது தண்ணீரைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

*

ஈமச்சடங்கு ஆனபின் ஐந்து குடித்தனமும் படிக்கட்டில் கூடியது. ஐசெலே முதல் படியில் நின்றார். மேல்மாடி செவ்தா இடுப்பில் குழந்தையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த துருக்கிக்காரப் பெண், பல் மருத்துவமனையில் வேலை.

"சரி, உண்மையைச் சொல்லிடலாம்" என்றாள் செவ்தா. "அவங்களுக்குப் பதிலா யாரு துடைச்சீங்க? நல்ல காரியம்தானே, ஏன் மறைக்கிறீங்க?"

"நான் இல்ல" என்றார் ஐசெலே. "அடுத்தவங்க முறையில நான் கை வைக்க மாட்டேன். ப்ராய்னிங் அம்மா செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் நீங்கன்னு..." என்றாள் உல்ரிகே.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் துடைக்கவில்லை. ஆகஸ்டில் நாற்றம் அடித்ததே என்று செவ்தா மெல்ல ஆரம்பித்தாள். சாக்கடை என்று நினைத்து இரண்டு புட்டி மருந்து ஊற்றியதாக ஐசெலே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தபால்? ரீகர் அம்மாவுக்கு வருவதே மாதத்துக்கு ஒன்றிரண்டு. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"படி ஈரமா இருந்துச்சு" என்றார் ஐசெலே, யாரோ தன்னைக் குற்றம் சாட்டியதுபோல. "ஈரமா இருந்தா ஆளு இருக்காங்கன்னுதானே அர்த்தம்? வேற எப்படித் தெரியும் நமக்கு?"

புதுக் குடித்தனம் வருகிறவரை ரீகர் அம்மாவின் முறையைத் தாண்டி, உல்ரிகே பலகையை நேராகச் செவ்தாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. குழந்தை அழுதது. கலைந்தார்கள்.

மறுநாள் உல்ரிகே கெக்கலரிடம் போய், முதல் வரியை எடுத்துவிடலாம் என்றாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எங்க வீட்டுல ஒருத்தங்க மூணு மாசம் செத்துக் கிடந்திருக்காங்க சார். பத்தடி தூரத்துல நான் இருந்தேன். யாரும் தனியா இல்லைன்னு நான் எப்படி எழுதுவேன்? அந்த முப்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டுல அவங்களையும் சேத்துத்தான் எண்ணியிருக்கு."

"வருத்தமாத்தான் இருக்கு. அதுக்காக ஊரையே மாத்தி எழுத முடியுமா? அச்சுக்குப் போயாச்சு, விடுங்க." பிறகு குரலைத் தணித்து, "கிறிஸ்துமசுக்கு எங்கயாவது போறீங்கல்ல? தனியா உக்காந்திருக்காதீங்க" என்றார்.

"ப்ரேமன்ல அக்கா வீட்டுக்கு" என்றாள் உல்ரிகே சட்டென்று. அக்காவிடம் ஏற்கெனவே, அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டும் பொய். பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறவர்களின் மேசையில் உட்கார்ந்து வாத்து இறைச்சி தின்ன அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

அடுத்த சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ துணி பிழிகிற சத்தம் கேட்டது. முறுக்குகிற சத்தம், பிறகு வாளிக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, பிறகு கொத்தாக விழுகிற சத்தம். முறை மேல்மாடியில் செவ்தாவின் எதிர்வீட்டுக்காரருடையது, அவர் காலையிலேயே முடித்துவிட்டார். உல்ரிகே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. கல்லெல்லாம் காய்ந்திருந்தது. அவள் வாசல் மிதியடி மட்டும் நனைந்து கறுத்திருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை ஈரம் கதவுக்கு உள்ளே இருந்தது. கதவடியில் ஒரு சாண் அகலம், நேர்கோடாக, துணியின் விளிம்பு நின்ற இடம் தெரிகிற மாதிரி. அவள் அதைத் துடைத்தாள். பைன் வாசனை கையில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் போகவில்லை. கடைக்குப் போய் ஒரு கனத்த தாழ்ப்பாள் வாங்கிவந்து, நாற்காலியில் ஏறி, கதவின் உச்சியில் பொருத்தினாள். தாழ்ப்பாளால் தண்ணீரை எப்படித் தடுக்க முடியும் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். ஆனாலும் போட்டாள். மூன்றாம் சனிக்கிழமை ஈரம் இரண்டு சாண் ஆகியிருந்தது.

யாரிடம் சொல்வது? ஐசெலேயிடம் சொன்னால் குழாயைப் பார்க்க ஆள் அனுப்புவார். அக்காவிடம் சொன்னால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வாள். உல்ரிகேவுக்கு ஒன்று மட்டும் உறுதியாகப் பட்டது. அது கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அது வேலை. மூன்று தடவை அவளே மாட்டிவிட்ட வேலையை யாரோ ஒழுங்காக, பொறுமையாகச் செய்துகொண்டிருந்தார்கள், இன்னும் முடியவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி அவள் கதவில் பலகை வந்து தொங்கியது. கிறிஸ்துமஸ் வாரம் அவளுடையது.

"ஊருக்குப் போறீங்களாமே அக்கா?" என்று செவ்தா படியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டே கேட்டாள். அவளும் பிள்ளைகளோடு மான்ஹைமில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நாங்க சனிக்கிழமை வந்துடுவோம். படிக்கு என்ன பண்ணுவீங்க?"

"பாத்துக்கறேன். முன்னாடியே துடைச்சுட்டு ப்ரேமன் போயிடுவேன்."

புதன்கிழமை, கிறிஸ்துமசுக்கு முதல்நாள், நாலு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. இருட்டுகிறதற்குள், சனிக்கிழமை வருவதற்குள், அந்தச் சனியன் பிடித்த வேலையை முடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். வாளியை சமையல்கட்டு வாசலில் வைத்தாள். கதவின் தாழ்ப்பாளை நீக்க நடைக்கூடத்தில் வேகமாக நடந்தாள். காலையில் அங்கே தரை காய்ந்திருந்தது. இப்போது காயவில்லை.

கால் வழுக்கியது. கண்ணாடி அலமாரியைப் பிடிக்கப் போன கை, அதன்மேல் இருந்த, அச்சாகி வந்த கையேட்டுக் கட்டை இழுத்துத் தள்ளியது. இடுப்பு தரையில் மோதியபோது உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. வலி ஒரு கணம் தாமதித்து, பிறகு மொத்தமாக வந்தது.

*

மணிகள் அடித்து ஓய்ந்தன. அவள் கத்தினாள்.

எதிர்வீடு காலி. மேலே எல்லாரும் வெளியூர். தரைத்தளத்தில் ஐசெலேயின் தொலைக்காட்சியில் பாட்டுக் கச்சேரி, அவர் காதுக்கு ஏற்ற சத்தத்தில். கைப்பேசி சமையல்கட்டு மேசைமேல். நகரப் பார்த்தாள், இடுப்பிலிருந்து வலி கிளம்பிக் கண்ணை இருட்டியது. தலை கதவோரம், கால் சமையல்கட்டுப் பக்கம். தாழ்ப்பாள் தலைக்கு மேலே ஆறடியில், அவளே பொருத்திய இடத்தில். அவளைச் சுற்றிக் கையேடுகள் விரிந்து கிடந்தன. 'இங்கே யாரும் தனியாக இல்லை.'

அலுவலகம் ஜனவரி ஏழுவரை மூடியிருக்கும். அங்கே உள்ளவர்களுக்கு அவள் ப்ரேமனில் இருக்கிறாள். ப்ரேமனில் அக்காவுக்கு அவள் நண்பர்களோடு இருக்கிறாள். ஆக, எங்கும் யாரும் தேடமாட்டார்கள். இதை நினைத்து அவள் அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு யோசித்தாள்.

சனிக்கிழமை. பலகை அவள் கதவில் இருக்கிறது. சனிக்கிழமை ஆறு மணிக்குப் படி காய்ந்து கிடக்கும். ஐசெலே பொறுக்க மாட்டார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வைதுகொண்டே ஏறி வருவார். தட்டுவார். மூன்று நாள். மூன்று நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

வியாழன் போனது. வெள்ளி போனது. குரல் போனது. உதடு வெடித்தது. கதவடி ஈரம் காயவே இல்லை. எப்போது விழித்தாலும் புதிதாக இருந்தது. வெள்ளி மதியம் அவள் கன்னத்தைத் தரையில் வைத்து நாக்கால் அதைத் தொட்டாள். சோப்புக் கசப்பு. பைன். குமட்டியது. ஆனாலும் குடித்தாள்.

சனிக்கிழமை கண் விழித்தபோது கடிதம் போடும் இடுக்கில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். இருட்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான். பழக்கத்தில் சமையல்கட்டு வாசலைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கண்ணெதிரே நின்ற வாளி அங்கே இல்லை.

கோபுரக் கடிகாரம் நாலு அடித்தது.

மேல்மாடியில் வாளி கல்லில் உட்காரும் சத்தம்.

செவ்தா வந்துவிட்டாளா? ஐசெலே, அவராகவே? உல்ரிகே வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையை மடக்கி, விரல் முட்டியால் கதவைத் தட்டினாள். ஒரு தடவை. இரண்டு தடவை.

மாப் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மறுபடி தொடங்கியது. ஒரு படி. பிழிதல். அடுத்த படி. அவசரம் இல்லை. அவள் வாசலைத் தாண்டி, கீழே, கீழே, தெருக்கதவுவரை.

வேண்டாம் என்று நினைத்தாள். துடைக்காதே. கடவுளே, துடைக்காதே.

தெருக்கதவு திறந்தது. குழந்தையின் குரல். பெட்டிச் சக்கரங்கள். செவ்தா.

"ஏய், ஓரமா நட, ஈரம்! ஐசெலே சார், பண்டிகை நல்லபடியாப் போச்சா?"

"போச்சு, போச்சு. படியைப் பாத்தியாம்மா? கிறிஸ்துமஸ் வாரத்துலகூட விடல ப்ராய்னிங் அம்மா."

"அக்கா ப்ரேமன் போறதாச் சொன்னாங்களே?"

உல்ரிகே தட்டினாள். முட்டியின் தோல் கிழிய, பலம் உள்ள மட்டும் தட்டினாள்.

"அதோ, உள்ள ஏதோ வேலையா இருக்காங்க" என்றாள் செவ்தா. "ஒரு எட்டு எட்டிப் பாக்கட்டுமா?"

"படிதான் ஈரமா இருக்கே" என்றார் ஐசெலே. "இருக்காங்க. நல்லா இருக்காங்க. நீ முதல்ல பிள்ளையைப் படுக்கப் போடு, தூங்கி விழறான் பாரு."

காலடிகள் அவள் வாசலைக் கடந்தன. அவள் தலைக்கு அந்தப் பக்கம், இரண்டு விரல் கனக் கதவுக்கு வெளியே, பெட்டி படிக்குப் படி முட்டிக்கொண்டு மேலே போனது. மேலே கதவு திறந்தது.

"பலகைகூட நம்ம கதவுக்கு வந்துடுச்சு பாரேன்" என்று செவ்தா யாரிடமோ சிரித்தாள். கதவு மூடியது. கீழேயும் மூடியது. பாட்டுக் கச்சேரி தொடங்கியது.

படிக்கட்டு விளக்கு அணைந்தது.

இருட்டு. ஈரம் சொட்டுகிற சத்தம், கீழிருந்து ஏறி வந்தது. காலடி இல்லை. சொட்டுதல் மட்டும். எதிர்க்கதவுக்குப் போகட்டும். எதிர்க்கதவுக்கு.

அவள் கதவுக்கு வெளியே நின்றது.

பிறகு வெளியே சத்தம் இல்லை. அவள் மூச்சை அடக்கினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

கால் பக்கம், சமையல்கட்டு வாசலில், வாளி தரையில் உட்கார்ந்தது.

துணி பிழியும் சத்தம். பைன் வாசனை. அவள் பார்க்கவில்லை, பிறகு பார்த்தாள். இருட்டில் தரை பளபளத்தது. அந்தப் பளபளப்பு இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒவ்வொரு பட்டையாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கையேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கியது. அவள் காலைச் சுற்றிக் கவனமாகத் துடைத்தது. இடுப்பைச் சுற்றி. விரித்துக் கிடந்த அவள் வலது கைக்கு அருகில் வந்து நின்றது.

குளிர்ந்த, ஊறிச் சுருங்கிய விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. நாற்காலிக் காலைத் தூக்குவதுபோல அந்தக் கையைத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தன.